மரத்தில் பொறித்த எழுத்து நிலைத்திட

ஊரின் பொதுச் செய்தியை அழியா எழுத்தில் வைப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சபையார், குடவோலை முறையின் விதிகளைக் கோயிற் சுவரில் வெட்டி வைத்தனர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவ்வெழுத்துகளை, ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் நாம் படிக்கிறோம். கல்லின் இயல்பு அது. வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மரமும் ஓலையும் அத்தகையன அல்ல. ஓலையில் எழுத்தாணியால் கீறியதோடு நம் முன்னோர் நிற்கவில்லை. கீறிய வரியில் விளக்குக்கரியும் பச்சிலைச் சாறும் தடவி எழுத்தைத் தெளிவாக்கினர். பின்னர் அவ்வப்போது எண்ணெய் பூசிச் சுவடியைக் காத்தனர். எழுதுவது பாதி வேலை, காப்பது மறு பாதி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று லேசர் ஒளிக்கதிரால் மரப்பலகையில் எழுத்துப் பொறிக்கும்போது, அந்த மறு பாதியை நாம் மறந்துவிடுதல் ஆகாது.

ஊராட்சி மன்றத்தின் பெயர்ப்பலகை, பள்ளியின் மதிப்புப் பட்டியல், நூலகத்தின் விதிப்பலகை, நீர்த்தேக்கத் தொட்டியருகே வைக்கும் எச்சரிக்கை ஆகியவற்றை மரத்தில் லேசர் கொண்டு பொறிப்பது இன்று எளிதாகிவிட்டது. பொறித்துத் தரும் கடைகள் சிறு நகரங்களிலும் உள்ளன. மகளிர் குழுக்களும், தச்சுத் தொழில் தெரிந்த இளைஞர்களும் ஏற்று நடத்தத்தக்க தொழில் இது. ஆனால் புதிதாக மாட்டிய பலகை ஒரு மழைக்காலம் கழிந்ததும் மங்கிப் போனால், ஊராட்சியின் பணம் வீணாவது மட்டுமன்று. அதைச் செய்து கொடுத்த குழுவுக்கு அடுத்த வேலையும் வராது. “மரப்பலகையே உதவாது” என்று மக்கள் மீண்டும் பிளாஸ்டிக் பதாகைகளை நாடுவர். உண்மையில் குற்றம் மரத்தினுடையதும் அன்று, இயந்திரத்தினுடையதும் அன்று. பொறித்த பின் செய்யவேண்டிய வேலையைச் செய்யாததே காரணம். அவ்வேலை இன்னதென்பதை இக்கட்டுரையில் முறைப்படி காண்போம்.

ஒளிக்கதிர் மரத்தில் செய்வது என்ன?

லேசர் ஒளி முதன்முதலாக 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உண்டாக்கப்பட்டது. மரம் பொறிப்பதற்குப் பெரிதும் பயன்படும் கரியமில வாயு லேசரை 1964இல் கண்டறிந்தவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் என்னும் விஞ்ஞானி ஆவார். இவ்வொளி மரத்தின் மேல் ஊசிமுனைபோல் குவிந்து விழும்போது, அவ்விடத்தில் கடும் வெப்பம் உண்டாகிறது. மரநாரின் ஒரு பகுதி ஆவியாகி மறைகிறது. எஞ்சியது கரிந்து நிற்கிறது. இவ்வாறு உளியின் வேலையைத் தீ செய்கிறது.

ஆகவே லேசர் எழுத்தில் இருவகைக் கருமை உண்டு. ஒன்று, மரநாரே கரிந்து, பள்ளத்தின் அடியில் ஊன்றி நிற்பது. மற்றொன்று, புகையும் பிசினும் தூளாகப் படிந்து, எழுத்தினுள்ளும் அதைச் சுற்றிலும் தளர்வாக ஒட்டிக்கொண்டிருப்பது. முன்னது நமக்கு வேண்டிய எழுத்து. பின்னது வெறும் புகைக்கரி. விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே நல்ல வேலைக்கு முதற்படி.

எழுத்தைக் கெடுப்பவை

பலகைக்கு வரும் கேடுகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது கீறல். மேற்பூச்சு மெல்லியதாகவோ முழுதும் உலராமலோ இருந்தால் நகம்பட்டாலும் கோடு விழும். இதனை உறுதியான பூச்சால் தடுக்கலாம்.

இரண்டாவது அமுங்கல். மென்மையான மரத்தில் கனமான பொருள் இடித்தால், பூச்சு எவ்வளவு கெட்டியாயினும், அதன் அடியிலுள்ள மரம் பள்ளமாகிவிடும். முட்டை ஓட்டை மெத்தையின்மேல் வைத்து அழுத்துவது போன்றது இது. பூச்சால் மென்மரத்தை வன்மரமாக்க இயலாது. ஆதலின் கைபடும் இடத்துக்கு வேண்டிய பலகைக்குத் தேக்கு, வேங்கை போன்ற மரங்களையே தேர்தல் வேண்டும்.

மூன்றாவது தேய்வு. நாள்தோறும் துடைத்தலும், கைபடுதலும், காற்றில் வரும் மணலும் பூச்சைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். இதற்கு மருந்து, காலந்தோறும் மறுபூச்சு இடுதல்.

நான்காவது வெயிலும் ஈரமும். இவையே வெளியில் மாட்டும் பலகைக்குப் பெரும் பகை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர், மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிச் செல்கிறது. மரம் சாம்பல் நிறம் அடைகிறது. ஆழமாகக் கரிந்த எழுத்து மறையாவிடினும், சுற்றியுள்ள மரம் கறுத்துவிட்டால் எழுத்தைப் பிரித்துப் படிக்க இயலாது. மேலோட்டமாகப் பழுப்பேறிய எழுத்தோ விரைவில் மறைந்தே போகும்.

பொறிப்பதற்கு முன்

பலகை நன்கு பதப்பட்டதாக இருத்தல் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 12 விழுக்காடு இருப்பது நம் பகுதிக்கு ஏற்றது. பச்சை மரத்தில் பொறித்துப் பூச்சும் பூசினால், மரம் உலர்ந்து சுருங்கும்போது எழுத்தின் குறுக்கே வெடிப்பு விடும், பூச்சும் பிளக்கும்.

வெளிர்நிற மரத்தில் கருமை எடுப்பாகத் தெரியும். கருநிற மரத்தில் எழுத்தை ஆழமாகப் பொறித்து வண்ணம் நிரப்புவது நன்று. வீட்டினுள் மாட்டும் பலகைக்கு அரை மில்லிமீட்டர் ஆழம் போதும். வெளியில் மாட்டுவதற்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும் எனக் கடைக்காரரிடம் சொல்லிவிடுக.

செம்பும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து ஏற்றிப் பதப்படுத்திய மரத்தை லேசருக்குக் கொடுத்தல் கூடாது. அதன் புகை நஞ்சு. பி.வி.சி. பலகையும் அவ்வாறே, சூடுபட்டால் அமில வாயுவை வெளியிட்டு, ஆளுக்கும் இயந்திரத்துக்கும் கேடு செய்யும்.

பலகையை 120, 180, 220 எண் உப்புத்தாள்களால் இந்த வரிசையில், மர ரேகையின் போக்கிலேயே தேய்த்து வழவழப்பாக்குக. அதன்பின் மேற்பரப்பு முழுவதும் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, அதன் மேலேயே பொறிக்கச் செய்யலாம். புகை நாடாவில் படியும். நாடாவை உரித்தால் மரம் தூய்மையாக நிற்கும். இச்சிறு செலவு பின்னர் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

பொறித்த பின் முதல் வேலை

பலகை வந்தவுடன் வார்னிஷ் டப்பாவைத் திறப்பதே பலரும் செய்யும் தவறு. தளர்ந்த புகைக்கரியின் மேல் பூச்சு பிடிக்காது. பிடித்தாலும் கரியோடு சேர்ந்து உரிந்துவிடும். அன்றியும் தூரிகை அக்கரியை இழுத்துச் சென்று, வெளிர்ந்த மரமெங்கும் அழுக்குக் கோடுகளைப் பரப்பும். ஒருமுறை பூச்சினுள் அடைபட்ட கரையை மீண்டும் எடுப்பது எளிதன்று.

ஆகவே முதலில் மெல்லிய நைலான் தூரிகையால் எழுத்தின் பள்ளங்களைத் துலக்குக. பழைய பல் தூரிகையே போதும். கம்பித் தூரிகை எழுத்தின் ஓரங்களைச் சிதைக்குமாதலின் ஆகாது. தூளை ஊதியோ உறிஞ்சியோ வெளியேற்றுக. பின்னர்ச் சிறிது ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த துணியால், எழுத்தின் நடுவிலிருந்து வெளியே இழுக்காமல், ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பலகைக்கு முன்னரே அரக்குப் பூச்சு இட்டிருந்தால் ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும்; அப்போது சோப்பு நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியைப் பயன்படுத்தி, முழுதும் உலர விடுக.

இறுதியில் 320 எண் உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, மேற்பரப்பை மட்டும் இலேசாகத் தேய்க்கலாம். வெறும் விரலால் தேய்த்தால் உப்புத்தாள் பள்ளத்தில் இறங்கி எழுத்தின் கூர்மையைக் கெடுக்கும். தேய்த்த தூள் எழுத்தில் நிரம்பி வெளிறச் செய்யும். அதை மீண்டும் துலக்கிவிட வேண்டும்.

வேலை சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் துணியை எழுத்தின் மேல் அழுத்தி எடுங்கள். துணியில் கருமை படியாத வரையில் பூச்சுக்குப் போகலாகாது.

எழுத்துக்கு வண்ணம் நிரப்புதல்

வண்ணம் நிரப்ப விரும்பினால், முதலில் தெளிவான பூச்சு ஒருகை இட்டு உலரவிடுக. இல்லாவிடில் வண்ணம் மரநாரின் வழியே கசிந்து எழுத்தின் ஓரம் சிதறும். பின்னர் எனாமல் வண்ணத்தைப் பள்ளத்தில் நிரப்பி, உலர்ந்தபின் மேலே வழிந்ததை மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் எடுத்துவிடலாம். எச்சரிக்கைப் பலகைகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. தொலைவிலிருந்தும் படிக்க முடியும்.

எந்த இடத்துக்கு எந்தப் பூச்சு?

எல்லா இடத்துக்கும் ஏற்ற பூச்சு என ஒன்றில்லை. மரத்துக்குள் ஊறுவன ஒரு வகை. மேலே படலமாக நிற்பன மற்றொரு வகை. ஊறும் எண்ணெய் கீறலை அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் கீறல் விழுந்தால் அவ்விடத்தில் மட்டும் மீண்டும் தடவிச் சரிசெய்துவிடலாம். படலம் கீறலையும் தேய்வையும் நன்கு தாங்கும். ஆனால் ஓரிடத்தில் உடைந்தால் அவ்வழியே நீர் புகுந்து, சுற்றுமுற்றும் உரியத் தொடங்கும். இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டு தேர்தல் வேண்டும்.

அவலரக்கு: அரக்குப்பூச்சியிடமிருந்து கிடைப்பது, இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் பெருமளவில் விளைவது. ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் விரைவில் உலரும். எழுத்தின் கருமையை அழகாக எடுத்துக்காட்டும். எஞ்சியிருக்கும் நுண்கரியையும் பிணைத்து நிறுத்தும். எனினும் நீர் நின்றால் வெண்மை படரும், சூட்டையும் தாங்காது. கூட்ட அறையில் மாட்டும் மதிப்புப் பட்டியலுக்கும், பரிசுக் கேடயத்துக்கும் உகந்தது. வெளியில் மாட்டும் பலகைக்கு ஆகாது.

ஆளிவிதை எண்ணெய்: காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகும் எண்ணெய் இது. உலர்த்தி சேர்த்து விற்கப்படுவதே விரைவில் உலரும். தடவிய சில நிமிடங்களில் ஊறாது நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிடில் பிசுபிசுப்பு நீங்காது. மரத்தைச் சற்றுப் பழுப்பாக்கும். கையில் எடுத்துப் புழங்கும் சிறு பொருள்களுக்கு ஏற்றது.

பாலியூரித்தேன் பூச்சு: கடைகளில் பி.யூ. என வழங்குவது. கீறலையும் தேய்வையும் தாங்குவதில் இது சிறந்தது. மேசைப் பலகை, வருகைப் பதிவிடம், நூலகத்தின் அலமாரிப் பெயர்கள் என அடிக்கடி கைபடும் இடங்களுக்கு இதையே கொள்க.

வெளிப்புற வார்னிஷ்: வெயிலில் நிற்கும் பலகைக்கு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்ந்தது எனக் குறிப்பிட்ட வார்னிஷையே வாங்க வேண்டும். சாதாரணத் தெளிந்த வார்னிஷ் கண்ணாடி போன்றது. வெயில் அதனூடே சென்று அடியிலுள்ள மரத்தைச் சிதைத்துவிடும். பிடிப்பிழந்த வார்னிஷ் தோல்போல் உரிந்துவிடும். பூச்சு கெட்டதென நாம் எண்ணுவோம். கெட்டது அதன் கீழுள்ள மரம்.

நாட்டுப் படகுகளைக் காக்க நம் கடலோரத்தார் பூசிவந்த முந்திரிக்கொட்டை எண்ணெய், மரத்தைக் காப்பதில் வல்லது. ஆயினும் அது பலகையைக் கருமையாக்கி எழுத்தை மறைத்துவிடும். பதப்படுத்தாத எண்ணெய் தோலையும் புண்ணாக்கும். எனவே எழுத்துப் பலகையின் முகப்புக்கு அதைப் பயன்படுத்தலாகாது.

மகளிர் குழுவினர் பெயர் பொறித்த அகப்பை, காய் நறுக்கும் பலகை போன்றவற்றைச் செய்வதாயின், எழுத்தைக் கைப்பிடியிலோ பின்புறத்திலோ வைப்பது நன்று; உணவு படும் இடத்தில் வேண்டா. இவற்றுக்குக் கத்தியால் சிதறும் படலப் பூச்சுக்கு மாறாக, உணவுத் தரமுள்ள கனிம எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து தடவலாம். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்குவாடை வீசும்.

பூசும் முறை

பூச்சைக் கனமாக ஒருமுறை இடுவதினும், மெல்லியதாக மூன்றுமுறை இடுவது மேல். கனமாக இட்டால் எழுத்தின் பள்ளத்தில் குளம்போல் தேங்கி, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாய் நிற்கும், குமிழும் விழும். தேங்கியதை உலர்ந்த தூரிகை நுனியால் அப்போதே ஒற்றி எடுத்துவிடுக. ஒவ்வொரு கை உலர்ந்தபின்னும் 320 அல்லது 400 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, அடுத்த கை பூசுக.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூசுவதற்குச் சற்று முன்பு தின்னர் தொட்ட துணியால் துடைத்தால்தான் வார்னிஷ் பற்றும்.

பலகையின் முகத்துக்கு மட்டும் பூசி முதுகை விட்டுவிடுதல் பெருங்குறை. பூசாத பக்கம் ஈரத்தை விரைந்து வாங்கி விரியும், பூசிய பக்கம் அவ்வாறு விரியாது, பலகை வளைந்துவிடும். ஆதலின் முன்னும் பின்னும் ஒரே அளவு பூசுக. மரத்தின் வெட்டுமுகமாகிய இரு முனைகளும் நீரை மிகுதியாக உறிஞ்சுவன. அவற்றுக்கு ஒருகை கூடுதலாகவே வேண்டும். வெளியில் மாட்டிய பலகை பெரும்பாலும் முனையிலிருந்தே கெடத் தொடங்குகிறது.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றின் ஈரத்தால் அரக்குப் பூச்சு வெண்மை பாய்ந்துவிடும். வார்னிஷ் உலரத் தாமதிக்கும். பொங்கலுக்குப் பின் வரும் வறண்ட நாள்கள் ஏற்றவை. தொடும்போது உலர்ந்தது போலிருப்பினும், வார்னிஷ் முழு உறுதி அடையச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பலகைகளை அடுக்குவதும், பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்புவதும் பூச்சைக் கெடுக்கும். விழா நாளைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் முன்னதாகவே வேலையை முடித்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிதல் ஆகாது. அவ்வெண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணியில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீப்பொறி ஏதுமின்றியே தானாகத் தீப்பற்றும். கூரைக் கொட்டகையில் வேலை செய்வோர் இதனை மறத்தலாகாது. துணிகளை வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துக. அல்லது நீரில் ஆழ்த்தி, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் வைக்க. ஸ்பிரிட், தின்னர் புழங்கும் இடத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் வேண்டா, காற்றோட்டம் வேண்டும்.

மாட்டுதலும் பேணுதலும்

பலகையைச் சுவரோடு ஒட்டவைத்து அறைதல் கூடாது. பின்புறம் சிறு கட்டைகள் கொடுத்துக் காற்று செல்ல இடம் விடுக. தேக்கு, வேல் முதலிய மரங்களிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் மைபோன்ற கறை உண்டாகும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே தக்கவை. மேலே சிறு இறவாணம் இருந்தால் மழைநீர் எழுத்தில் இறங்காது. மண்ணைத் தொடும்படி பலகையை நடுவது கறையானுக்கு வழிவிடும்.

நாள்தோறும் துடைக்க உலர்ந்த மென்துணி போதும். சலவைத்தூள், பினாயில், பாத்திரம் தேய்க்கும் நார் ஆகியவை பூச்சைக் கெடுக்கும். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நாளில் பலகையைக் கழற்றி வைக்க. சுண்ணாம்பின் காரம் எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஈரச் சந்தனம் எழுத்தின் பள்ளத்தில் தங்கினால் கறை நீங்காது. சட்டத்தின் மூலையில் இட்டு, எழுத்தை விட்டுவிடுதல் நன்று.

ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்தபின், பலகையின் மேல் நாலைந்து துளி நீர் தெளித்துப் பாருங்கள். நீர் முத்தாக நின்றால் பூச்சு நலமாக உள்ளது. மரத்தில் ஊறிக் கருமை காட்டினால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. படலம் உரியும் முன்பே இலேசாகத் தேய்த்து ஒருகை பூசினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். உரியும்வரை விட்டுவிட்டால் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். அப்போது எழுத்தின் கருமையும் உடன் போகும்.

ஊராட்சிக்கு ஒரு சொல்

பலகைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, நீள அகலமும் விலையும் மட்டும் குறித்தால் போதாது. மரத்தின் வகை, எழுத்தின் ஆழம், பூச்சின் பெயர், எத்தனை கை, முன்னும் பின்னும் முனையும் பூச வேண்டும் என்பன எழுத்தில் இருக்கட்டும். பலகையைப் பெறும்போது வெள்ளைத் துணிச் சோதனையையும் நீர்த்துளிச் சோதனையையும் உறுப்பினர்கள் முன்னிலையில் செய்க. இவற்றுக்குக் கருவி ஏதும் வேண்டா. வேலை செய்யும் குழுவினரும் இதனைத் தம்மீது கொண்ட ஐயமாகக் கருதலாகாது. நல்ல வேலைக்கு இச்சோதனையே சான்று. காப்பு வேலைக்கு உரிய கூலியைச் சேர்த்துக் கொடுப்பது ஊராட்சியின் கடமை. குறைந்த விலையையே பார்த்தால், முதலில் குறைவது நம் கண்ணுக்குத் தெரியாத பின்புறப் பூச்சுதான்.

ஊருக்கு நிலம் கொடுத்தவர் பெயரையும், பள்ளியில் முதலாவதாகத் தேறிய மாணவியின் பெயரையும் நாம் பலகையில் ஏற்றுவது, பின்வருவோர் படிக்க வேண்டும் என்பதற்காகவே. ஒளிக்கதிர் சில நிமிடங்களில் அப்பெயரை எழுதிவிடும். அதைப் பல்லாண்டு படிக்கும்படி வைப்பது தூரிகை பிடித்த கையும், ஆண்டுதோறும் பார்த்துப் பேணும் ஊராருமே.